அநாதைப் பிராணிகளும் புனே நகரத்துக் காப்பகங்களும்

மராட்டிய நாட்டு அடியார்களின் வரலாற்றைக் கேட்டவர்கள் ஏகநாதரின் கதையை மறந்திருக்க மாட்டார்கள். 16 ஆம் நூற்றாண்டில் பைடண் என்னும் ஊரில் வாழ்ந்த அப்பெரியார், காசியில் முகந்த கங்கை நீரைக் காவடியாகச் சுமந்து, இராமேசுவரத்து இறைவனுக்குத் திருமுழுக்குச் செய்விப்பதற்காக நடந்து வந்தாராம். வழியில் சுடுமணலில் ஒரு கழுதை தாகத்தால் விழுந்து துடித்துக் கொண்டிருந்தது. கலயத்தின் வாயைத் திறந்து, அந்தக் கங்கையை அப்படியே கழுதையின் வாயில் வார்த்துவிட்டார் ஏகநாதர். உடன் வந்தவர்கள் பதறினார்கள். இறைவன் தம்மை இராமேசுவரம் வரை நடக்க வைக்காமல் இங்கேயே எதிர்வந்து பெற்றுக்கொண்டான் என்ற கருத்தில் அவர் விடையளித்ததாகக் கூறுவர். தமிழகத்துத் திருத்தலத்திற்குச் சேர வேண்டிய நீர் ஒரு பொதிகழுதையின் நாவை நனைத்தது.

இதே நாட்டில் நாமதேவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அவர் வைத்திருந்த ரொட்டியை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியபோது, வெறும் ரொட்டி தொண்டையில் அடைத்துக்கொள்ளுமே என்று நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாராம். புனேக்கு அருகே ஜேஜுரி மலையில் எழுந்தருளியிருக்கும் கண்டோபாவின் திருவுருவங்களில் நாய் உடன் நிற்பதைப் பார்க்கலாம். அவரை மார்த்தாண்ட பைரவர் என்றே பக்தர்கள் போற்றுவர். நம் ஊர்ச் சிவாலயங்களில் வடகிழக்கு மூலையில் நாயோடு நிற்கும் வைரவரை அறிந்த நமக்கு அவர் அயலார் அல்லர். தத்தாத்திரேயரின் காலடியில் நான்கு நாய்கள் அமர்ந்திருக்கும். அவற்றை நான்கு மறைகள் என்று பொருள் கூறுவாரும் உளர். ஆனால் படத்தில் இருக்கும் நாய்க்குப் பூச்சூட்டிவிட்டு வெளியே வந்தவுடன் வாசலில் கிடக்கும் நாயை நோக்கிக் கல்லெடுப்பதும் நம் வழக்கந்தான். இந்த வழக்கம் மராட்டியருக்கும் தமிழருக்கும் பொது.

கட்கியிலும் தேஹு ரோட்டிலும் ராஸ்தா பேட்டையிலும் பழைய நாட்களிலேயே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அண்மைக் காலத்தில் ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்களை நாடி வந்தவர்களும் பலர். ஊர் பெருத்தது. ஊரோடு கட்டடங்களும், கட்டடங்களோடு குப்பையும், குப்பையோடு நாய்களும் பெருத்தன. 2019 ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் தெருநாய்கள் சுமார் 1 கோடியே 53 இலட்சம் என்று கண்டார்கள். இவற்றை என்ன செய்வது என்னும் கேள்விக்கு மூன்று விடைகள் காலந்தோறும் சொல்லப்பட்டு வருகின்றன. கொன்றுவிடலாம் என்பது ஒன்று. அப்படியே விட்டுவிடலாம் என்பது மற்றொன்று. கொல்லாமல் கருத்தடை செய்து, நோய்த்தடுப்பு ஊசி போட்டு, இயன்றவற்றுக்கு வீடு தேடித் தருவது மூன்றாவது. புனேயின் காப்பகங்கள் செய்து வருவது இந்த மூன்றாவது பணியே.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு சிறு திசைதிருப்பம் தவிர்க்க முடியாததாகிறது. ஆங்கிலேயர் இந்நாய்க்கு வழிதவறியது என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள்; அதாவது, எங்கோ ஒரு வீடு இருந்தது, அதிலிருந்து பிரிந்து வந்துவிட்டது என்பது கருத்து. மராட்டியர் 'பட்கா குத்ரா' என்பர். அலையும் நாய் என்று பொருள். தமிழில் மட்டும் 'தெருநாய்' என்கிறோம். அது அலைவதுமில்லை, வழிதவறவுமில்லை, தெருவுக்கு உரியது. அறிவியல் கண்டதும் இதுவே. ஒவ்வொரு நாய்க்கூட்டமும் தனக்கென்று ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அயல் நாய்களை அவ்வெல்லைக்குள் விடாமல் காக்கிறது. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டால், கொல்லும் முறை ஏன் தோற்றது என்பதும் புரிந்துவிடும்.

கொல்லும் முறையின் வரலாறு நீண்டது. பம்பாயில் 1832 ஆம் ஆண்டில் ஆங்கிலேய நிர்வாகம் தெருநாய்களைக் கொல்லக் காவலர்களை ஏவியபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஊரே கடையடைத்துக் கலவரமாயிற்று. அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1834 இல், சர் ஜாம்செட்ஜி ஜீஜீபாய் முதலிய வணிகப் பெருமக்கள் பம்பாய் பிஞ்சராபோல் என்னும் பிராணிக் காப்பகத்தை நிறுவினார்கள். இங்கிலாந்தில் மேரி டீல்பி என்னும் மாது இலண்டனில் அநாதை நாய்களுக்கு இல்லம் திறந்தது 1860 இல்தான். எனவே இந்தக் காப்பகக் கருத்தை மேல்நாட்டு நாகரிகம் என்று ஒதுக்குவதற்கில்லை.

சென்னையிலோ மாநகராட்சி பல்லாண்டுகளாக நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருந்தது. 1959 இல் தியாகராய நகரில் மழைவெள்ளம் தேங்கிய தெருவில் இரண்டு நாய்க்குட்டிகள் நீந்த முடியாமல் தத்தளிப்பதைக் கேப்டன் வி. சுந்தரம் கண்டார். அவர் ஒரு விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் இந்நாட்டின் முதல் பெண் விமானிகளில் ஒருவர். அவ்விரு குட்டிகளையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றதே 'புளூ கிராஸ்' இயக்கத்தின் தொடக்கமாயிற்று. அவர்களுடைய புதல்வர் சின்னி கிருஷ்ணா, மாநகராட்சி ஆண்டாண்டாகக் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லையே என்று கணக்குப் பார்த்தார். 1964 முதல் கருத்தடையே வழி என்று அந்த இயக்கம் வற்புறுத்தி வந்தது. அந்த வற்புறுத்தல் மாநகராட்சியின் செவியில் ஏற 1996 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! ஒரு கோப்பு ஓர் அலுவலகத்தில் எவ்வளவு காலம் தூங்கக்கூடும் என்பதை அறிந்த நமக்கே இது சற்று அதிகமாகத்தான் தோன்றுகிறது. 2001 இல் மைய அரசு வெளியிட்ட நாய்க் கருத்தடை விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023 இல் வந்த புதிய விதிகளும் இந்தச் சென்னை அனுபவத்தின் வழிவந்தவையே.

கொன்றால் ஏன் குறைவதில்லை? ஒரு தெருவில் பத்து நாய்கள் இருக்கின்றன என்று கொள்வோம். பத்தையும் பிடித்துக் கொன்றுவிட்டால் தெரு வெறுமையாகிறது. ஆனால் அங்குள்ள குப்பைத்தொட்டி வெறுமையாகவில்லை. உணவு இருக்கிறது, காவல் இல்லை என்று கண்டதும் அடுத்த தெரு நாய்கள் வந்து புகுகின்றன. போட்டி இல்லாமையால் அவற்றின் குட்டிகளும் முன்னிலும் மிகுதியாகப் பிழைக்கின்றன. பெண் நாய் சுமார் 63 நாட்கள் கருவைச் சுமந்து, ஆண்டுக்கு இரு முறை கூட ஈனவல்லது. புதிதாக வந்த நாய்கள் ஊசி போடாதவை, வெறிநோய்க்கு இடந்தருபவை. இதற்கு மாறாக, அதே பத்து நாய்களையும் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்காகக் காதில் சிறு வெட்டு இட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டால், அவை பிற நாய்களை உள்ளே விடாமல் தடுக்கும், தாமும் பெருகமாட்டா. இந்த முறையில் பயன் விளைய வேண்டுமானால் ஒரு பகுதியில் உள்ள நாய்களில் மிகப் பெரும்பான்மைக்குக் குறுகிய காலத்துக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும். அரைகுறையாகச் செய்தால் செலவு மட்டும் மிஞ்சும். பல நகரங்களில் மக்கள் இம்முறையைக் குறை கூறுவதற்குக் காரணம், முறையிலுள்ள பழுதன்று. அதைப் பாதியில் விட்டதேயாகும் என்பது எம் கருத்து.

இங்கே காந்தியடிகளை நினைவுகூர்வது பொருந்தும். ஆமதாபாத் ஆலைமுதலாளி ஒருவர் தம் ஆலையில் திரிந்த 60 நாய்களைக் கொல்வித்தார் என்ற செய்தி 1926 இல் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அடிகள் தம் 'யங் இந்தியா' இதழில் தொடர்ந்து எழுதினார். பலர் எதிர்பார்த்தபடி அவர் அந்த முதலாளியைக் கண்டிக்கவில்லை. நண்பர்களே மனம் நொந்தார்கள். அவருடைய வாதத்தின் சாரம் இது: உரிமையாளர் இல்லாமல் நாய் தெருவில் திரிவதே சமுதாயத்துக்கு இழுக்கு, எங்கிருந்தோ ஒரு ரொட்டித் துண்டை விட்டெறிந்துவிட்டு அகிம்சையைக் கடைப்பிடித்ததாக நினைப்பது ஏமாற்று, நாயிடம் அன்புள்ளவர் அதைத் தம் வீட்டில் வைத்துக் காக்கட்டும், அல்லது காக்கும் நிலையங்களுக்குப் பொருள் தரட்டும். கொல்லலாம் என்ற அவர் முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. அன்று கருத்தடை அறுவையும் இன்றைய தடுப்பூசியும் பரவலாக இல்லை. ஆனால் ரொட்டித் துண்டு பற்றி அவர் சொன்னது இன்றும் சுடுகிறது. நாள்தோறும் தெருமுனையில் சோறு வைத்துவிட்டு, அந்த நாய்க்கு ஊசி போடப்பட்டதா, கருத்தடை நடந்ததா என்று கேளாமல் போகிறவர், குட்டிகள் பெருகுவதற்கு உதவுகிறாரேயொழிய நாய்க்கு உதவுகிறாரில்லை.

இனி, கொல்லாக் காப்பகம் என்பது என்ன? இடமில்லை என்பதற்காகவோ, யாரும் கேட்டு வரவில்லை என்பதற்காகவோ, முதுமையும் ஊனமும் வந்துவிட்டன என்பதற்காகவோ ஒரு பிராணியின் உயிரைப் போக்காத நிலையமே அது. மீட்க இயலாத வேதனையில் கிடக்கும் பிராணிக்கு மருத்துவர் ஊசியால் அமைதியான முடிவைத் தருவதை இந்தக் கொள்கை தடுக்கவில்லை. சட்டவிதிகளும் அதற்கு இடந்தருகின்றன. சக்கரத்தில் நசுங்கி முதுகெலும்பு முறிந்து கிடப்பதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது கருணையாகாது.

புனேயில் 2007 இல் தொடங்கப்பெற்ற 'ரெஸ்க்யூ' அறக்கட்டளை நகரின் மேற்கே பாவ்தன் பகுதியில் இயங்குகிறது. அடிபட்டும் நோயுற்றும் தெருவில் கிடக்கும் நாய், பூனை, மாடு, கழுதைகளுக்குச் சிகிச்சை தருவது அதன் முதன்மையான பணி. குணமானவற்றை மீண்டும் அவற்றின் இடத்திலேயே விடுவதும், அவ்வாறு விட முடியாதவற்றுக்கு வீடு தேடுவதும் அடுத்த பணி. வனத்துறையோடு சேர்ந்து காட்டுவிலங்குகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றையும் அவர்கள் நடத்துகிறார்கள். முண்ட்வா பகுதியில் புனே புளூ கிராஸ் சங்கம் இருக்கிறது. இவையன்றி, வாடகை வீட்டின் பின்கட்டில் பத்துப் பூனைகளையும் ஐந்து நாய்களையும் வைத்துக்கொண்டு, அறிந்தவர் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வீடு பிடித்துக் கொடுக்கும் பெண்மணிகளும் ஊரில் உண்டு. பெயர்ப்பலகை இல்லாத இந்தக் காப்பகங்களின் தொண்டும் சிறிதன்று.

கொல்லாக் காப்பகத்தின் பெருந்துன்பம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு காப்பகத்தில் நூறு பிராணிகளுக்கு இடம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வந்தது ஒவ்வொன்றும் ஓராண்டு தங்கினால், அந்த ஆண்டில் நூறு உயிர்களுக்கே இடம் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு மாதத்தில் நல்ல வீட்டுக்குப் போய்விட்டால், அதே நூறு கூண்டுகளில், அதே ஆண்டில், ஆயிரத்து இருநூறு உயிர்களைக் காக்கலாம். சுவர் எழுப்பவில்லை, நிலம் வாங்கவில்லை. வாசல் திறந்திருந்தது, அவ்வளவே. வாசல் அடைபட்டால் நேர்வது வேறு. கொல்லவும் மாட்டோம், தள்ளவும் மாட்டோம் என்று வருவதையெல்லாம் ஏற்றுக்கொண்டு, வெளியே போகும் வழி இல்லாமல், ஐம்பதுக்குரிய இடத்தில் இருநூறை அடைத்து, தொற்றுநோய் ஒன்று புகுந்தவுடன் குட்டிகளையெல்லாம் வாரிக்கொடுத்த நிலையங்கள் நம் நாட்டில் உண்டு. பெயரளவில் அவையும் கொல்லாக் காப்பகங்களே. ஆகவே, காப்பகத்துக்குப் பணம் கொடுப்பதைவிடப் பெரிய கொடை அங்கிருந்து ஒரு பிராணியை அழைத்து வருவது. ஒன்றை அழைத்து வருகிறவர் இரண்டைக் காக்கிறார்: தாம் அழைத்து வந்ததையும், காலியான இடத்தில் அன்று மாலையே வந்து சேர்வதையும்.

இதற்கு மராட்டியில் 'தத்தக் கேணே' என்பர். நம்முடைய தத்தெடுத்தலும் இதே சொல்லடியாகப் பிறந்ததுதான். பிள்ளையைத் தத்தெடுக்கும்போது குலம், கோத்திரம், நட்சத்திரம் பார்த்த நம்மவர், நாயைத் தத்தெடுக்கும்போது சாதி பார்க்கிறார்கள்! பனிப்பிரதேசத்துக்குரிய அடர்ந்த மயிருடைய நாயைப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, புனேயின் ஏப்ரல் வெயிலில் குளிர்சாதன அறையில் அடைத்து வைப்போரைக் காண்கிறோம். அது நோயுற்றதும், அல்லது குட்டிப் பருவத்து அழகு போனதும், காப்பகத்து வாசலில் கட்டிவிட்டுப் போகிறார்கள். 'காவ்டி' என்று மராட்டியரும் 'நாட்டுநாய்' என்று நாமும் சற்று இளப்பமாகச் சொல்லும் நாயோ, இந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுத்துப் பழகியது. குறுகிய மயிரும் நிமிர்ந்த காதும் கூர்மையான அறிவும் உடையது. பொதுவாக நோய் குறைந்தது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று ஊர்ப்பெயர் சூட்டி நாயைப் போற்றிய நாட்டிலிருந்து வந்த நாம் நாட்டுநாயை இளப்பமாக நினைக்கக் காரணமில்லை.

குட்டியைத்தான் வளர்க்க வேண்டும் என்பதும் ஒரு மூடநம்பிக்கை. குட்டிக்கு இரவும் பகலும் கவனம் வேண்டும். கணவனும் மனைவியும் காலை எட்டு மணிக்கே வேலைக்குப் புறப்படும் வீட்டில் அது தனியே கதறும். நான்கைந்து வயதான நாயோ குணம் தெரிந்தது. கடிக்குமா, குழந்தைகளோடு பழகுமா என்பதைக் காப்பகத்தார் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஓய்வுபெற்ற பெற்றோர்கள் ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் தமிழ் வீடுகள் புனேயில் பல. மொழி தெரியாத ஊரில், நான்கு சுவருக்குள், பேச்சுத்துணையின்றி இருக்கும் அம்முதியவர்களுக்குக் காலையும் மாலையும் நாயோடு நடந்து வருவது காலுக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. நாய் கையிலிருந்தால் பக்கத்து வீட்டு ஆஜி தானே வந்து பேசுவாள். மராட்டி மொழியைக் கற்பதற்கு இதைவிட எளிய வழியை நாம் அறியோம்.

"நாங்கள் மரக்கறி உண்பவர்கள், வீட்டில் புலால் புகாது, நாய்க்கு என்ன போடுவது, மாமி?" என்று ஒரு தமிழ்ப் பெண்மணி, நாய் வளர்த்துப் பழகிய மற்றொருவரிடம் கேட்டதை நாம் கேட்டோம். பலருக்கும் உள்ள ஐயம் இது. நாய் சோறு, பருப்பு, தயிர், காய்கறி ஆகியவற்றோடு முட்டையோ கடையில் விற்கும் நாயுணவோ கொடுத்தால் நலமாக வாழும். மருத்துவரைக் கேட்டு அளவை அமைத்துக்கொள்ள வேண்டும். பூனை அப்படியன்று. அதன் உடம்பு இறைச்சியில் உள்ள சத்தின்றி இயங்காது; மீனோ இறைச்சியோ கலந்த உணவைத் தர மனமில்லாதவர்கள் பூனையை ஏற்காதிருப்பதே நேர்மை. நம் சமையலறையில் நாய்க்கு ஆகாதவையும் உண்டு. வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே சின்ன வெங்காயச் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து வைக்கலாகாது. பாயசத்திலிருக்கும் உலர்ந்த திராட்சையும், குழந்தைகள் தின்னும் சாக்லேட்டும் நஞ்சு. வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

காப்பகத்துக்குப் போனவுடன் பிராணியைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். வீடு சொந்தமா வாடகையா, வீட்டில் அனைவருக்கும் சம்மதமா, வெளியூர் போனால் யார் பார்ப்பார் என்றெல்லாம் கேட்பார்கள்; படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள்; வீட்டையும் வந்து பார்ப்பதுண்டு. சிலர் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். பெண் கொடுக்கிறவன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நான்கு பேரிடம் விசாரிப்பதில்லையா? ஒரு முறை கைவிடப்பட்ட பிராணி மீண்டும் கைவிடப்பட்டால் மனிதரை நம்புவதையே விட்டுவிடும். அதனால்தான் இவ்வளவு கேள்வி.

கைவிடுதல் என்னும் சொல்லை எழுதும்போது அலுவலகக் குடியிருப்புகளின் நினைவு வருகிறது. அரசு ஊழியரும் படைவீரரும் வங்கிப் பணியாளரும் மாற்றலுக்கு உட்பட்டவர்கள். மாற்றல் உத்தரவு வருகிறது, லாரி வருகிறது, பீரோ ஏறுகிறது, கட்டில் ஏறுகிறது, துளசித்தொட்டிகூட ஏறுகிறது. நாய் மட்டும் ஏறுவதில்லை. பூட்டிய கதவின் முன்னால் பல நாட்கள் படுத்துக் கிடக்கும் நாய்களை எந்தக் குடியிருப்பின் காவலாளியைக் கேட்டாலும் சொல்வார். பாண்டவருள் மூத்தவர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கத்துக்குள் நுழைய மறுத்ததாக மகாபாரதம் சொல்கிறது. நாம் திருச்சிக்கும் தில்லிக்கும் போவதற்கே விட்டுவிடுகிறோம்.

கொண்டுசெல்வது முடியாத காரியமன்று. இரயிலில் குளிர்சாதன முதல் வகுப்பில் இரண்டு அல்லது நான்கு படுக்கைகள் கொண்ட தனியறை முழுவதையும் பதிவு செய்துகொள்வோர் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். மற்ற வகுப்புகளில் அதற்கு அனுமதியில்லை. காவலர் பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் கட்டணம் செலுத்தி அனுப்ப வேண்டும். மருத்துவரின் நலச்சான்று தேவை. சோலாப்பூர், குண்டக்கல், ரேணிகுண்டா வழியாகச் சென்னை வரை செல்லும் நெடும்பயணத்தில், பெரிய நிலையங்களில் இறங்கிச் சென்று தண்ணீர் வைத்து வர வேண்டும். கோடையில் கூண்டுப்பயணம் நல்லதன்று. எவ்வகையிலும் அழைத்துச் செல்ல இயலாதவர்கள், உத்தரவு கைக்கு வந்த அன்றே புதிய வீடு தேடத் தொடங்கிவிட வேண்டும். லாரி வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

பிராணியைக் கைவிடுவது சட்டப்படி குற்றம் என்பதும் பலருக்குத் தெரியாது. 1952 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த முயற்சியின் பயனாக 1960 இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பரதநாட்டியத்துக்குப் புத்துயிர் தந்த அந்த அம்மையாரே, 1962 இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார். பிராணியைப் பசி தாகத்துக்கு ஆளாகும்படி விட்டுச் செல்வதும் அச்சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி குற்றமே. ஆனால் முதற்குற்றத்துக்கு அப்பிரிவு வகுத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். 1960 இல் அது ஒரு தொகை. இன்று ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் காணாது. பிராணியைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் மட்டும், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரியவை.

வெறிநோய் அச்சத்தை மூடிமறைத்துப் பேசுவது பொறுப்பாகாது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. 2024 இல் நம் நாட்டில் பதிவான நாய்க்கடிகள் 37 இலட்சத்துக்கும் மேல். தெருநாயைக் கண்டு குழந்தையை அணைத்துக்கொள்ளும் தாயை இரக்கமற்றவள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நோய் தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை; ஆனால் தோன்றுமுன் முற்றிலும் தடுக்கலாம். கடித்தாலும் பிராண்டினாலும் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவ வேண்டும். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வைக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று, குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றில் பதினான்கு ஊசி என்று நம் பெரியவர்கள் அஞ்சிய காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில் சில ஊசிகளே. 1907 இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையம் தென்னாட்டில் இப்பணியின் முன்னோடி. வளர்க்கும் நாய்க்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் ஊசியும் போட்டு, புனே மாநகராட்சியில் உரிமமும் பெற வேண்டும்.

அடுக்குமாடிச் சங்கங்கள் சில, நாய் வளர்க்கக் கூடாதென்று தீர்மானம் போடுகின்றன. பெரும்பான்மை வாக்கினாலும் அவ்வாறு தடை செய்ய முடியாது என்பது விலங்குநல வாரியத்தின் வழிகாட்டுதல். அதே சமயம், மின்தூக்கியில் நாயைக் கயிறின்றி அழைத்துச் செல்வதும், பிறர் வாசலில் அசுத்தம் செய்யவிட்டுப் பார்க்காததுபோல் போவதும் நம் பக்கத்து வழக்கைக் கெடுத்துவிடும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22 இல் பிறப்பித்த உத்தரவில், கருத்தடையும் ஊசியும் முடிந்த நாய்களை, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பழைய இடத்திலேயே விடலாம் என்றது. கண்ட தெருவில் உணவிடலாகாது, குறித்த இடங்களிலேயே இட வேண்டும் என்றது. தத்தெடுக்க விரும்புவோர் நகராட்சியில் விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்நாய் மீண்டும் தெருவுக்கு வரலாகாது என்றும் கூறியது. அவ்வாண்டு நவம்பர் 7 இல், பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து இரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து பிடித்த நாய்களை அங்கே திரும்ப விடாமல் காப்பகங்களில் வைக்குமாறு ஆணையிட்டது. காப்பகங்களின் சுமை ஏறியது என்பதே இதன் பொருள்.

வீட்டில் பிராணி வளர்க்க வசதியில்லாதவர்கள் வேறு வகையில் உதவலாம். பழைய பருத்திப் புடவை, போர்வை, துண்டு, நாளிதழ் எல்லாம் காப்பகத்துக்குப் பயன்படும். மழைக்காலத்தில் நனைந்த தரையில் விரிக்க எவ்வளவு இருந்தாலும் போதாது. அறுவை முடிந்த ஒரு பூனையையோ, தாயிழந்த குட்டிகளையோ இரண்டு மூன்று வாரம் மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தற்காலிகக் காப்பாளர்களைக் காப்பகங்கள் எப்போதும் தேடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்று நாய்களை நடத்தி வருவதும், குளிப்பாட்டுவதும் இளைஞர்களுக்கு ஏற்ற பணி. மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தவறாமல் அனுப்புவது, என்றோ ஒருநாள் பெருந்தொகை அனுப்புவதைவிட மேல். அரிசிக் கடைக்காரர் மாதந்தோறும்தான் பணம் கேட்கிறார்.

அழைத்து வந்த பிராணி முதல் சில நாட்கள் கட்டிலுக்கடியில் ஒளியும், உண்ண மறுக்கும். கூட்டம் கூடி வேடிக்கை பார்க்காமல் ஒரு மூலையில் நீரும் படுக்கையும் வைத்து விட்டுவிட வேண்டும். கணபதி விழாவின் தோல் முழக்கத்திலும் தீபாவளி வெடியிலும் மிரண்டு ஓடிக் காணாமற்போகும் நாய்கள் மிகப் பல. அந்நாட்களில் கதவைத் தாழிட்டு, கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண்ணைப் பொறித்து வைப்பது நல்லது. இன்னொரு செய்தி. புனேத் தெருவில் பிறந்து காப்பகத்தில் வளர்ந்த நாய்க்குத் தமிழ் தெரியாது. "வா" என்றால் விழிக்கும். "இகடே யே" என்றால் எழுந்து வரும். "உட்கார்" என்பது அதற்கு வெறும் ஓசை. "பஸ்" என்றால் அமரும். முதலில் அதன் மொழியிலேயே அழைத்து, கூடவே தமிழ்ச் சொல்லையும் சொல்லி, கையில் ஒரு துண்டு இட்டலியும் வைத்திருந்தால், சில வாரங்களில் இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடும்.